ஆங்கில வினாடி வினாவில் கேள்வி ஏன் பாதியாக வருகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கில வினாடி வினா பழக்குகிறவர்களில் நானும் ஒருத்தி. பிள்ளைகள், பெற்றோர், ஆசிரியர்கள் என்று யார் கேட்டாலும் பேச்சு ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது: விடை தெரிந்த பிள்ளைக்குக் கேள்வி பிடிபடவில்லை. நம் பிள்ளைகள் மதிப்பெண்ணை இழப்பது அறிவுக் குறைவால் என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் கேள்வியின் அமைப்பு பழகாததால்தான் இழக்கிறார்கள். அந்த அமைப்பைச் சொல்லிக்கொடுத்துவிட முடியும். எடுத்துக்காட்டுகளை முடிந்தவரை நம் ஊர்ப் பக்கத்திலிருந்தே எடுத்திருக்கிறேன். விடை முன்பே தெரிந்திருந்தால் கவனம் முழுவதும் கேள்வியின் மேல் இருக்கும்.

"கேப்பிட்டல் ஆஃப் ஆஸ்திரேலியா?" என்று மொட்டையாகக் கேட்கிறார்கள். இது சரியான ஆங்கிலமா?

சரியான ஆங்கிலம்தான். முழு வாக்கியம் "வாட் இஸ் த கேப்பிட்டல் ஆஃப் ஆஸ்திரேலியா?" என்பது. அதில் "வாட் இஸ் த" என்ற மூன்று சொற்களையும் கேட்பவரே நிரப்பிக்கொள்வார் என்பதால் விட்டுவிடுகிறார்கள். நாமும் தமிழில் "ஆஸ்திரேலியாவின் தலைநகரம்?" என்று கேட்கிறோம். "எது" என்பதைச் சொல்லாவிட்டாலும் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. தந்தி இருந்த காலத்தில் சொல்லுக்கு இவ்வளவு என்று காசு வாங்கியதால், பொருளைச் சுமக்கும் சொற்களை மட்டும் எழுதி அனுப்புவார்கள். வினாடி வினா ஆங்கிலமும் அதே கணக்கில்தான் நடக்கிறது. (விடை கான்பெரா. சிட்னி என்று சொல்லும் பிள்ளைகள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.)

எந்தச் சொற்கள் விழும், எந்தச் சொற்கள் விழாது?

விழுபவை: "த", "எ", "ஆன்" போன்ற சிறு சொற்கள், "இஸ்", "வாஸ்", "டிட்" போன்ற துணைவினைகள், சில நேரம் "வாட்", "ஹூ" போன்ற கேள்விச் சொல்லே. விழாதவை: பெயர்கள், ஆண்டுகள், எண்கள், "ஃபர்ஸ்ட்", "லாஸ்ட்", "ஒன்லி", "நாட்" போன்ற எல்லை கட்டும் சொற்கள்.

"இன்", "பை", "ஆஃப்டர்" போன்ற முன்னிடைச் சொற்களும் பெரும்பாலும் தங்கிவிடும். இவற்றைத்தான் பிள்ளைகள் காதில் வாங்குவதில்லை. பள்ளியில் இவற்றைக் கோடிட்ட இடத்தில் நிரப்பும் சில்லறைச் சொற்களாகவே பார்த்துப் பழகியிருக்கிறார்கள். சுருங்கிய கேள்வியில் வினைச்சொல் போன பிறகு மொத்தப் பாரமும் இவற்றின் மேல்தான் இறங்குகிறது.

ஏன் சுருக்குகிறார்கள்? நேரம் மிச்சம் பிடிக்க மட்டும்தானா?

நேரம் பெரிய காரணம். 1972-இல் பிபிசி தொடங்கிய மாஸ்டர்மைண்ட் நிகழ்ச்சியில் கறுப்பு நாற்காலியில் ஒருவரை உட்காரவைத்து இரண்டு நிமிடம் தொடர்ந்து கேள்வி கேட்பார்கள். கேள்வி நீண்டால் அவருக்குக் கிடைக்கும் கேள்விகளின் எண்ணிக்கை குறையும், மதிப்பெண்ணும் குறையும். 2009-இல் வந்த த சேஸ் நிகழ்ச்சியின் முதல் சுற்றில் ஆளுக்கு ஒரே ஒரு நிமிடம். 2000-இல் வந்த வீக்கஸ்ட் லிங்க் நிகழ்ச்சியில் ஒவ்வொரு சுற்றுக்கும் பத்து விநாடி குறைந்துகொண்டே போகும். அங்கே "இன் ஜியாகிரபி", "இன் மேத்ஸ்" என்று பாடத்தின் பெயரை முதலில் சொல்லிவிட்டுக் கேள்விக்குப் போவார்கள். இரண்டே சொல்லில், எந்தப் பக்கம் யோசிக்கவேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது காரணம் இடம். அமெரிக்காவின் ஜெப்பர்டி போன்ற நிகழ்ச்சியில் கேள்வி முழுவதும் திரையில் பெரிய எழுத்தில் தெரியவேண்டும். கேள்வி நீண்டுபோனால் வீட்டில் இருப்பவர் படிக்க முடியாது.

மூன்றாவது காரணத்தை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. சுருக்கம் ஒரு தாளத்தைத் தருகிறது. ஒரே வடிவத்தில் கேள்விகள் அடுத்தடுத்து வரும்போது, மூன்றாவது கேள்விக்குள் கேட்பவருடைய காது அந்த வடிவத்துக்கு இசைந்துவிடும். பிறகு வடிவத்தைப் பற்றிய யோசனையே இல்லாமல் பொருளை மட்டும் கேட்கலாம். பழகியவருக்குக் கிடைக்கும் இந்த வசதி பழகாதவருக்குக் கிடைப்பதில்லை. நம் பிள்ளைகள் முதல் இரண்டு மூன்று கேள்விகளில் தடுமாறுவதற்கு இதுவே காரணம்.

எல்லா நிகழ்ச்சியிலும் இப்படித்தான் கேட்பார்களா?

இல்லை. கடிகாரம் இல்லாத இடத்தில் கேள்வி முழுசாகவே வரும். 1998-இல் பிரிட்டனில் தொடங்கிய கோடீஸ்வர வகை நிகழ்ச்சியில் முதலில் கடிகாரமே கிடையாது. "விச் ஆஃப் தீஸ்" என்று தொடங்கி, நான்கு விடைகளைக் காட்டி, நிதானமாகக் கேட்பார்கள். 2000-இல் இந்தியில் அமிதாப் பச்சனும், 2012-இல் விஜய் டிவியில் சூர்யாவும் நடத்தியவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. டிவியில் அதைப் பார்த்துப் பழகிய பிள்ளை, மணிப் பொத்தானை முந்தி அழுத்திப் பதில் சொல்லும் பஸ்ஸர் போட்டிக்கு வந்ததும் வேறு மொழியைக் கேட்பதுபோல் விழிப்பது இயல்புதான்.

கேள்விச் சொல் கடைசியில் வருகிறதே, அது ஏன்? பள்ளியில் அது முதலில் வரவேண்டும் என்றுதானே சொல்லித்தருகிறார்கள்?

பள்ளியில் சொல்வது சரி. "அக்ராஸ் விச் ரிவர் இஸ் த கிருஷ்ணகிரி டேம் பில்ட்?" என்பது பாடப்புத்தக ஆங்கிலம். வினாடி வினாவில் அதே கேள்வி "த கிருஷ்ணகிரி டேம் இஸ் பில்ட் அக்ராஸ் விச் ரிவர்?" என்று வரும். சாதாரணப் பேச்சில் இப்படிக் கேட்டால் ஆச்சரியப்பட்டுத் திருப்பிக் கேட்பதுபோல் இருக்கும். வினாடி வினாவில் அந்த ஆச்சரியத் தொனி கிடையாது. சேதியை முதலில் வைத்துவிட்டு, தெரியாத ஒரே இடத்தைக் கடைசியில் திறந்துவிடும் வழி அது.

இப்போது அதே கேள்வியைத் தமிழில் கேட்டுப் பாருங்கள்: "கிருஷ்ணகிரி அணை எந்த ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டுள்ளது?" நாம் "எந்த" என்பதைத் தூக்கி வாக்கியத்தின் தலையில் வைப்பதில்லை. விடை எங்கே வருமோ அங்கேயே அதை உட்காரவைக்கிறோம். "தென்பெண்ணை" என்ற விடையை "எந்த ஆற்றின்" இருக்கும் இடத்தில் போட்டால் வாக்கியம் முழுமையாகிவிடும். வினாடி வினா ஆங்கிலமும் இதையேதான் செய்கிறது.

தமிழில் யோசிக்கிற பிள்ளைக்குப் பாடப்புத்தக ஆங்கிலத்தைவிட வினாடி வினா ஆங்கிலம் கிட்டத்தில் இருக்கிறது என்று நான் உறுதியாகச் சொல்வேன். "ஆங்கிலம் வராது" என்று ஒதுங்கி நிற்கும் தமிழ்வழிப் பிள்ளைகளிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன். கேள்வியை மொழிபெயர்க்க வேண்டாம், சொற்கள் வருகிற வரிசையிலேயே கேளுங்கள், தமிழில் கேட்பதுபோலவே அது முடியும் என்கிறேன். பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துப் பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொள்ளும் வேகத்தை நேரில் பார்த்ததால் இவ்வளவு நம்பிக்கையோடு எழுதுகிறேன்.

"பார்ன் இன் தொரப்பள்ளி இன் 1878" என்று ஆரம்பிக்கிறார்கள். யாரைப் பற்றி என்றே சொல்லவில்லையே?

கேள்வியை முழுசாகப் பார்ப்போம்: "பார்ன் இன் தொரப்பள்ளி இன் 1878, ஹூ பிகேம் த லாஸ்ட் கவர்னர் ஜெனரல் ஆஃப் இந்தியா?" முதல் பாதியில் ஆளே கிடையாது. காற்புள்ளி தாண்டி வரும் "ஹூ"தான் அந்த ஆள். தமிழில் "1878-இல் தொரப்பள்ளியில் பிறந்து, இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல் ஆனவர் யார்?" என்று சொன்னால் அதே வரிசை. ஓசூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ராஜாஜி என்று சொல்ல ஒரு நொடிகூட ஆகாது.

முதல் பாதியைக் கேட்கும்போது "யார், யார்" என்று பதறாமல், ஊரையும் ஆண்டையும் மனதில் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும். எச்சத்தில் தொடங்கி முற்றுவினைக்குக் காத்திருப்பது தமிழ் பேசுகிற எல்லோருக்கும் பழக்கம்தான்.

இப்படி வரும் கேள்விகளில் எது மிகக் கடினம்?

"-ட்" என்று முடியும் வினைகள். வேறு எதையும்விட இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன்.

"டிஃபீட்டட் அட் வாட்டர்லூ இன் 1815, ஹூ வாஸ் எக்ஸைல்ட் டு செயின்ட் ஹெலினா?" விடை நெப்போலியன். "ஹேவிங் டிஃபீட்டட் நெப்போலியன் அட் வாட்டர்லூ, ஹூ லேட்டர் பிகேம் பிரிட்டிஷ் பிரைம் மினிஸ்டர்?" விடை வெலிங்டன். இரண்டிலும் "டிஃபீட்டட்" இருக்கிறது. முதல் கேள்வியில் அது தோற்றவரைக் குறிக்கிறது, இரண்டாவதில் வென்றவரைக் குறிக்கிறது.

தமிழில் இந்தச் சிக்கல் கிடையாது. தோற்கடித்தவர் வேறு, தோற்கடிக்கப்பட்டவர் வேறு என்று வினைச்சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தின் முழு வாக்கியத்தில் "வாஸ் டிஃபீட்டட்" என்று "வாஸ்" வந்து காட்டிக்கொடுக்கும். சுருங்கிய கேள்வியில் அந்த "வாஸ்" முதல் ஆளாக விழுந்துவிடுகிறது. அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த வினைக்கு அடுத்த சொல்லைக் கேட்க வேண்டும். "டிஃபீட்டட்" முடிந்ததும் "அட்", "இன்", "பை" என்று ஒரு முன்னிடைச் சொல் வந்தால், அடி வாங்கியவரைக் கேட்கிறார்கள். அடுத்து நேராக ஒரு பெயர் வந்தால், அடித்தவரைக் கேட்கிறார்கள். முன்னால் "பீன்" இல்லாத வெறும் "ஹேவிங்" இருந்தால் சந்தேகமே வேண்டாம், செய்தவர்தான்.

"சக்ஸீடட்" என்பதும் இப்படிப்பட்டதே. "ஹூ சக்ஸீடட் மவுண்ட்பேட்டன் அஸ் கவர்னர் ஜெனரல் இன் 1948?" என்றால் ராஜாஜி. "சக்ஸீடட் பை ராஜாஜி இன் 1948, ஹூ..." என்று தொடங்கினால் மவுண்ட்பேட்டன். "பை" என்ற ஒரு சிறு சொல் பதவிக்கு வந்தவரையும் போனவரையும் இடம் மாற்றிவிடுகிறது.

நம் மாவட்டங்களை வைத்தே ஒரு சோடி. "கார்வ்டு அவுட் ஆஃப் தருமபுரி இன் 2004, விச் டிஸ்ட்ரிக்ட்...?" விடை கிருஷ்ணகிரி. "தருமபுரி டிஸ்ட்ரிக்ட் வாஸ் கார்வ்டு அவுட் ஆஃப் விச் டிஸ்ட்ரிக்ட் இன் 1965?" விடை சேலம். ஒன்றில் பிள்ளை மாவட்டத்தைக் கேட்கிறார்கள், மற்றதில் தாய் மாவட்டத்தைக் கேட்கிறார்கள். இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் பத்து முறை சொல்லவைத்தால், வாட்டர்லூ கேள்வி பிறகு தானாக வந்துவிடும்.

அமெரிக்க நிகழ்ச்சிகளில் "திஸ் ரிவர்", "திஸ் மேன்" என்று கேள்வியே இல்லாமல் பேசுகிறார்களே?

அது ஜெப்பர்டி என்ற நிகழ்ச்சியின் வழி. 1964-இல் மெர்வ் கிரிஃபின் தொடங்கினார். 1950-களில் அமெரிக்க டிவி நிகழ்ச்சித் தயாரிப்பாளர்கள் சில போட்டியாளர்களுக்கு விடைகளை முன்கூட்டியே கொடுத்துவிட்டது வெளிவந்து, வினாடி வினா என்றாலே மக்கள் சந்தேகப்பட்ட நேரம் அது. விடையையே கொடுத்துவிட்டுக் கேள்வியைச் சொல்லச் சொன்னால் என்ன என்று அவர் மனைவி ஜூலன் யோசனை சொன்னார். "5,280" என்று ஜூலன் சொல்ல, "ஒரு மைலில் எத்தனை அடி?" என்று கிரிஃபின் பதில் சொன்னாராம். அங்கிருந்து பிறந்த வடிவம் இது.

அந்த முறையில் "திஸ் ரிவர் டிராப்ஸ் அட் ஒகேனக்கல்" என்று வாக்கியம் கேள்விக்குறி இல்லாமல் வரும். போட்டியாளர் "வாட் இஸ் த காவேரி?" என்று கேள்வி வடிவில் பதில் சொல்வார். "திஸ்" என்று வரும் இடத்தில்தான் விடை ஒளிந்திருக்கிறது. "திஸ்"க்கு அடுத்த சொல், விடை எந்த வகை என்பதைச் சொல்லிவிடும். ஆறா, ஆளா, ஆண்டா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இந்திய வினாடி வினாக்களிலும் இந்தத் "திஸ்" நிறைய நுழைந்துவிட்டது. ஆனால் இங்கே விடையைக் கேள்வியாகத் திருப்பிச் சொல்லத் தேவையில்லை.

பெயர்களை வரிசையாக அடுக்கினால் எங்கிருந்து பிரிப்பது?

கடைசியிலிருந்து. "2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் மென்ஸ் டென் மீட்டர் ஏர் ரைபிள் கோல்டு மெடலிஸ்ட்?" என்றால் தேடவேண்டியது மெடலிஸ்டை. மற்றவை எல்லாம் அவருக்கு முன்னால் வந்து நிற்கும் அடைமொழிகள். தமிழிலும் தலைச்சொல் கடைசியில்தான் வரும் என்பதால் நம் பிள்ளைகளுக்கு இது எளிது. விடை அபினவ் பிந்த்ரா.

ஒருமை, பன்மை முக்கியமா?

மிகவும். "இஸ்", "ஆர்" இரண்டும் விழுந்துவிட்டால், எத்தனை பேரைக் கேட்கிறார்கள் என்பதற்கு ஒரே தடயம் சொல்லின் கடைசியில் வரும் "ஸ்" ஒலிதான். "1930 ஃபிசிக்ஸ் நோபல் வின்னர்?" என்றால் சி.வி. ராமன் ஒருவர். "1903 ஃபிசிக்ஸ் நோபல் வின்னர்ஸ்?" என்றால் ஹென்றி பெக்கரல், பியர் கியூரி, மேரி கியூரி என்று மூவரையும் சொல்லவேண்டும். மேரி கியூரி பெயரை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடும் அணிகள் அந்த "ஸ்" ஒலியைக் கேட்காதவை. பள்ளி அரங்கில் மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவில் அந்த ஒலி காணாமல் போவது உண்டு. சந்தேகமாக இருந்தால் "ஒன் ஆர் மோர்?" என்று கேட்கலாம். அதற்கு யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள்.

சுருக்குவதால் விடையே மாறிப்போகுமா?

போகும். கேள்வி தயாரிப்பவர்கள் கவனிக்கவேண்டிய இடம் இதுதான், இதில் எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு.

"ஃபர்ஸ்ட் கவர்னர் ஜெனரல்?" என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வது? வங்காளத்தின் முதல் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ். இந்தியாவின் கவர்னர் ஜெனரல் என்ற பதவிப்பெயர் 1833-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தபோது அதில் முதல் ஆள் வில்லியம் பெண்டிங். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் கவர்னர் ஜெனரல் மவுண்ட்பேட்டன். அந்தப் பதவியில் இருந்த முதல் இந்தியர் ராஜாஜி. ஒரு சொல்லை மிச்சம் பிடிக்கப் போய் நான்கு பேர் வரிசையில் நிற்கிறார்கள். "ஃபர்ஸ்ட் இந்தியன்" என்று ஒரே ஒரு சொல்லைக் கூட்டியிருந்தால் தீர்ந்தது.

"ஃபர்ஸ்ட் உமன் பிரைம் மினிஸ்டர்?" என்பதும் அப்படித்தான். இந்தியாவில் என்றால் இந்திரா காந்தி, 1966. உலகத்தில் என்றால் இலங்கையின் சிறிமாவோ பண்டாரநாயக, 1960. "லார்ஜஸ்ட் ஸ்டேட்?" என்றால் பரப்பில் ராஜஸ்தான், மக்கள்தொகையில் உத்தரப்பிரதேசம். நம் ஊர்க் கேள்வி ஒன்று: "டேம் அக்ராஸ் சவுத் பெண்ணார்?" (சவுத் பெண்ணார் என்பது தென்பெண்ணைதான்.) ஓசூர்ப் பிள்ளை கெலவரப்பள்ளி என்று சொல்வான், கிருஷ்ணகிரிப் பிள்ளை கே.ஆர்.பி. எனப்படும் கிருஷ்ணகிரி அணை என்று சொல்வாள், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த பிள்ளை சாத்தனூர் என்று சொல்லும். மூன்றும் சரி. தாளில் ஒரு விடை மட்டும் எழுதி வைத்திருப்பவர் மற்ற இரண்டு பிள்ளைகளையும் "தவறு" என்று உட்காரவைத்தால், அது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

பஸ்ஸரை எப்போது அழுத்துவது?

நிகழ்ச்சியின் விதியைப் பொறுத்தது. ஜெப்பர்டியில் கேள்வியைப் படித்து முடிக்கும்வரை பஸ்ஸர் வேலை செய்யாது. முந்தி அழுத்தினால் ஒரு நொடியின் சிறு பகுதிக்கு உங்கள் பஸ்ஸரே முடங்கிவிடும். 1962-இல் பிரிட்டனில் தொடங்கிய யுனிவர்சிட்டி சேலஞ்சில் நடுவிலேயே அழுத்தலாம். ஆனால் கேள்வி முடியும் முன் அழுத்தித் தவறாகச் சொன்னால் ஐந்து மதிப்பெண் போகும்.

நம் பள்ளிப் போட்டிகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. "பிரேசிலியா ஹேஸ் பீன் த கேப்பிட்டல் ஆஃப் பிரேசில் சின்ஸ் 1960..." என்று வரும்போதே "பிரேசிலியா!" என்று கத்தும் பிள்ளை உண்டு. கேள்வியிலேயே அந்தப் பெயர் வந்துவிட்டது, அது விடையாக இருக்க முடியாது. "விச் சிட்டி வாஸ் த கேப்பிட்டல் பிஃபோர்?" என்பது மீதி. விடை ரியோ டி ஜெனிரோ. கேள்வி எந்த இடத்தில் ஒரே விடைக்குள் அடங்குகிறதோ, அந்தச் சொல் வந்ததும் அழுத்தலாம். ஒரு சொல் முந்தினாலும் ஆபத்து. ஒரு சொல் பிந்தினால் பக்கத்து அணி அழுத்திவிடும். கேள்விச் சொல் கடைசியில் வருகிற வடிவத்தில் அந்த இடம் கடைசி இரண்டு மூன்று சொற்களுக்குள்தான் இருக்கும். அதுவரை கை பொறுக்கவேண்டும்.

பெங்களூரில் நடக்கும் திறந்த வினாடி வினாக்களில் "ஐடி எக்ஸ்", "புட் ஃபண்டா" என்று திரையில் போடுகிறார்களே?

இது இந்திய வினாடி வினாக்காரர்கள் வளர்த்த பேச்சு. கொல்கத்தாவில் 1967-இல் நீல் ஓ'பிரையன் பொதுமக்களுக்கான போட்டியைத் தொடங்கிவைத்தார். 1983-இல் பெங்களூரில் கர்நாடக க்விஸ் சங்கம் உருவானது. இப்படி வளர்ந்த வட்டங்களில் கேள்வி ஒரு பத்தி நீளத்துக்கு வரும். நடுவில் விடையை மறைத்து "எக்ஸ்", "ஒய்" என்று போட்டிருப்பார்கள். கடைசி வரி மட்டும் இரண்டே சொல்.

"ஐடி எக்ஸ்" என்றால் எக்ஸ் யார் அல்லது எது என்று அடையாளம் சொல்லுங்கள். "கனெக்ட்" என்றால் காட்டிய படங்களையோ பெயர்களையோ இணைக்கும் சரடைச் சொல்லுங்கள். "புட் ஃபண்டா" என்றால் இதன் பின்னால் இருக்கும் காரணத்தை விளக்குங்கள். "எஃப்ஐடிபி" என்றால் கோடிட்ட இடத்தை நிரப்புங்கள். ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் பஸ் ஏறினால் போய்விடுகிற தூரம்தான், பிள்ளைகளை ஒருமுறையாவது பார்வையாளராக அழைத்துப்போங்கள். அங்கே பத்தியை நிதானமாகப் படிக்க நேரம் கிடைக்கும். பஸ்ஸர் சுற்றைப் பார்த்துப் பயந்த பிள்ளைகளுக்கு அந்தச் சூழல் பிடிக்கிறது.

"நே", "பெட்டர் நோன் அஸ்" என்றெல்லாம் வருகிறதே?

"நே" என்பது பிரெஞ்சிலிருந்து வந்தது. பிறந்தபோது இருந்த குடும்பப் பெயருக்கு முன்னால் போடுவார்கள். "பெட்டர் நோன் அஸ்" என்றால் உலகம் அறிந்த பெயர் என்ன என்று கேட்கிறார்கள். "ஆக்னஸ் கோஞ்சா போயாஜியு இஸ் பெட்டர் நோன் அஸ் ஹூம்?" என்றால் அன்னை தெரசா.

விடையை முழு வாக்கியமாகச் சொல்லவேண்டுமா?

வேண்டாம். பெயர் போதும். பெரும்பாலான போட்டிகளில் குடும்பப் பெயர் மட்டும் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள். ஒரே குடும்பப் பெயரில் இருவர் இருந்தால் மட்டும் முழுப்பெயர் கேட்பார்கள்.

பள்ளித் தேர்விலும் இப்படி எழுதலாமா?

கூடாது. ஆங்கிலத் தாளில் முழு வாக்கியம்தான். பேச்சுக்கான சுருக்கம் வேறு, எழுத்துத் தேர்வின் எதிர்பார்ப்பு வேறு என்று பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். டிஎன்பிஎஸ்சி போன்ற கொள்குறித் தேர்வுகளில் "த கேப்பிட்டல் ஆஃப் அதியமான் வாஸ்" என்று பாதியில் நிறுத்தி நான்கு விடைகள் கொடுப்பது உண்டு. அங்கே ஒவ்வொரு விடையையும் அந்த வரியோடு ஒட்டிப் படித்துப் பார்த்தால் போதும். தகடூர் என்பது எந்த மொழியில் கேட்டாலும் நம் பிள்ளைகளுக்குத் தெரியும்.

நான் ஆசிரியர். கேள்வி தயாரிக்கும்போது எவ்வளவு சுருக்கலாம்?

முதலில் முழு வாக்கியமாக எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பாருங்கள். எடுத்த பிறகும் ஒரே விடைதான் வருகிறது என்றால் அந்தச் சொல் போகலாம். இரண்டாவது விடைக்கு வழி திறந்தால் அதைத் திருப்பி வையுங்கள். ஆண்டு, இடம், "இந்தியன்", "வேர்ல்டு", "பை ஏரியா" போன்றவற்றில் கை வைக்காதீர்கள்.

அப்புறம், தாளில் பார்க்கச் சரியாக இருப்பது காதுக்குச் சரியாக இருக்காது. காற்புள்ளி யாருக்கும் கேட்காது. அந்த இடத்தில் நீங்கள் ஒரு மூச்சு நிறுத்தவேண்டும். வேறொரு ஆசிரியரிடம் கேள்வியை வாசித்துக் காட்டி, அவர் என்ன விடை சொல்கிறார் என்று பாருங்கள். ஒரு பள்ளியில் நடந்த போட்டியில் இதைச் செய்யாமல் போனதால் இறுதிச் சுற்றே சண்டையில் முடிந்ததைப் பார்த்திருக்கிறேன். அன்று அழுதுகொண்டே போன பிள்ளை சொன்ன விடை சரியானது.

தமிழ்வழிப் பிள்ளைகள் கலந்துகொள்ளும் போட்டி என்றால், முதல் மூன்று கேள்விகளை மதிப்பெண் இல்லாமல் ஒத்திகையாகக் கேளுங்கள். அவர்கள் காது உங்கள் குரலுக்கும் உங்கள் வடிவத்துக்கும் பழகிவிடும். இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

வீட்டில் எப்படிப் பழக்குவது? எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது.

வராவிட்டாலும் முடியும். பிள்ளையிடம் விடையைக் கொடுங்கள், கேள்வியை அது உருவாக்கட்டும். "பாப்பாரப்பட்டி" என்று நீங்கள் சொன்னால், சுப்பிரமணிய சிவா 1925-இல் மறைந்த ஊர் எது என்ற கேள்வியைப் பிள்ளை மூன்று விதமாக ஆங்கிலத்தில் கேட்கவேண்டும். முதலில் "இன் விச் வில்லேஜ் டிட் சுப்பிரமணிய சிவா டை இன் 1925?" என்று முழுசாக. அடுத்து "சுப்பிரமணிய சிவா டைடு இன் விச் வில்லேஜ் இன் 1925?" என்று கேள்விச் சொல்லை உள்ளே தள்ளி. கடைசியாக "வில்லேஜ் வேர் சுப்பிரமணிய சிவா டைடு, 1925?" என்று சுருக்கி.

மறுநாள் தலைகீழாகச் செய்யுங்கள். சுருங்கிய கேள்வியைச் சொல்லி, விழுந்த சொற்களைப் பிள்ளை நிரப்பி முழு வாக்கியமாகச் சொல்லட்டும். நிரப்பத் தெரிந்த பிள்ளைக்குச் சுருக்கம் பயம் தருவதில்லை. ஒகேனக்கல், தீர்த்தமலை, ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி மாம்பழம் என்று உங்களுக்கே நன்றாகத் தெரிந்த விடைகளாக எடுங்கள். பிள்ளை கேட்கும் கேள்விக்கு அந்த விடைதான் வருமா, வேறு விடையும் வந்துவிடுமா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லலாம். ஆங்கிலத்தை ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளட்டும்.